சாமுவேல் நாகித்: கிரனடாவின் அமைச்சர், எபிரேயத்தின் கவிஞர்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியை இசுலாமியர் ஆண்ட காலத்தில் அதனை அல்-அந்தலூஸ் என்று அழைத்தனர். அதன் தலைநகர் கோர்தொவா. பத்தாம் நூற்றாண்டில் அந்நகருக்கு ஈடான நகரம் மேற்கு ஐரோப்பாவில் வேறெதுவும் இருந்ததில்லை. அங்கே 993ஆம் ஆண்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சாமுவேல் இப்னு நக்ரேலா. பிற்காலத்தில் நாகித் என்னும் பட்டப்பெயரே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ஓர் இசுலாமிய அரசின் தலைமை அமைச்சராகவும், படையெடுப்புகளில் உடன் சென்றவராகவும், யூத சமயச் சட்ட அறிஞராகவும், இலக்கணப் புலவராகவும், எபிரேய மொழியின் தலைசிறந்த கவிஞருள் ஒருவராகவும் அவர் ஒரே வாழ்நாளில் விளங்கினார். இவற்றுள் ஒன்றைமட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள இயலாது. அவருடைய கவிதையை அமைச்சுப் பதவியிலிருந்து பிரிக்க முடியாது. அந்தப் பதவியோ அவர் யூதராகப் பிறந்ததிலிருந்து பிரிக்க முடியாதது.

அவருக்கு முன்னரே இப்பாதையில் நடந்தவர் ஒருவர் உண்டு. கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையில் மருத்துவராகவும் சுங்க அதிகாரியாகவும் தூதுப் பணிகளில் வல்லவராகவும் இருந்த ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூதப் பெருமகனே அவர். அவருடைய ஆதரவில்தான் எபிரேயக் கவிதை புதுவடிவம் பெற்றது. துனாஷ் பென் லாப்ராத் என்னும் புலவர் அரபு யாப்பை எபிரேயத்திற்குக் கொண்டுவந்தார். நெடிலும் குறிலும் அளவோடு மாறிமாறி வருவதும், ஒவ்வோரடியும் இரு பாதிகளாகப் பிரிவதும், கவிதை முழுவதும் ஒரே இயைபில் முடிவதும் அந்த யாப்பின் இயல்புகள். அடியின் முற்பாதியைக் கதவு என்றும் பிற்பாதியை அடைப்பு என்றும் எபிரேயப் புலவர்கள் பெயரிட்டனர். வேற்றுமொழி யாப்பால் வேதமொழி கெடும் என்று வெகுண்டோரும் இருந்தனர். மெனாஹெம் பென் சரூக் என்னும் அகராதி ஆசிரியரின் மாணாக்கர் துனாஷை எதிர்த்து எழுதினர். தமிழ்ப் புலவருலகம் அறியாத பூசலன்று இது. சாமுவேல் பிறந்தபோது இப்பூசல் ஓய்ந்து, புதிய யாப்பு வேரூன்றியிருந்தது. அதில் போர்க்களத்தையும் பாட முடியும் என்று காட்டும் பணி அவருக்குக் காத்திருந்தது.

இளமையில் அவர் கோர்தொவாவில் ரப்பி ஹனோக்கிடம் தல்மூத் பயின்றார். எபிரேயமும் அரமேயமும் அரபும் கற்றார். அரபு மொழியில் அவர் பெற்ற புலமை சாதாரணமானதன்று. குர்-ஆனையும், அரபியரின் பழங்கவிதையையும், மடல் எழுதும் கலையையும் அவர் ஐயந்திரிபறக் கற்றிருந்தார். அக்காலத்து அரசவைகளில் மடல் என்பது வெறுஞ் செய்தியன்று. இயைபு பொருந்திய உரைநடையில், மேற்கோளும் சிலேடையும் விரவி எழுதப்படும் இலக்கிய வடிவம் அது. ஓர் அரசின் பெருமை அதன் செயலாளருடைய எழுதுகோலால் அளக்கப்பட்டது.

1013ஆம் ஆண்டில் கோர்தொவா வீழ்ந்தது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெர்பர் படையினர் உள்நாட்டுப் போரின் முடிவில் நகரைச் சூறையாடினர். இருபது வயதுச் சாமுவேல் தென்கடற்கரை நகரான மலகாவுக்கு ஓடினார். அவரைவிட ஓராண்டு இளையவரும் கோர்தொவாவில் பிறந்தவருமான இப்னு ஹஸ்ம் என்னும் இசுலாமியச் சிந்தனையாளரும் அதே ஆண்டில்தான் நகரைவிட்டு வெளியேறினார். இருவரும் இளமையில் சந்தித்துத் திருநூற்பொருள் குறித்து வாதிட்டனர். யூதருள் மிகக் கற்றவர், வாதத்தில் வல்லவர் என்று அவரைப் பற்றி இப்னு ஹஸ்ம் எழுதிவைத்தார். அந்த மதிப்பு பின்னாளில் பகையாக மாறியது. சாமுவேல் அதிகாரத்தில் உயர்ந்த பிறகு, குர்-ஆனை மறுத்து அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட நூலொன்றுக்கு இப்னு ஹஸ்ம் கடுமையான மறுப்பு எழுதினார். மூலநூலை அவர் கண்டதேயில்லை. வேறொருவரின் மறுப்பு வழியாகவே அறிந்தார். அத்தகைய நூலைச் சாமுவேல் எழுதினாரா என்பதையே இன்றைய ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஒரே நகரின் அழிவில் அகதிகளான இரு பெரும் எழுத்தாளர்கள் இவ்வாறு எதிரெதிரே நின்றது அந்த நூற்றாண்டின் அவலங்களுள் ஒன்று.

மலகாவில் சாமுவேல் நறுமணப் பொருள் விற்கும் சிறு கடை வைத்திருந்தார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஆபிரகாம் இப்னு தாவூத் எழுதுகிறார். கடைக்கு அருகில் கிரனடா அரசின் உயர் அதிகாரி ஒருவரின் மாளிகை இருந்தது. அம்மாளிகைப் பணிப்பெண் தன் தலைவருக்கு அனுப்பவேண்டிய மடல்களைக் கடைக்காரரிடம் எழுதி வாங்கிச் செல்வாள். மடல்களின் நடையைக் கண்டு வியந்த அதிகாரி, எழுதியவரைத் தேடிப்பிடித்துத் தம் செயலாளராக்கிக் கொண்டார். இறக்குந்தறுவாயில், தாம் இதுவரை கூறிய அறிவுரைகளெல்லாம் இந்த யூதருடையவையே என்று அரசரிடம் தெரிவித்தார். கதை கேட்க இனிமையானது. கிழக்கத்திய அரசவைக் கதைகளின் சாயல் அதில் தூக்கலாகவே இருக்கிறது. கிரனடாவின் கடைசி சிரித் மன்னரான அப்துல்லாஹ் தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்வது வேறு. சாமுவேல் அரசுச் செயலாளர் ஒருவரிடம் பணியாற்றியவர் என்றும், அவர் இறந்தபின் வரி திரட்டுவதிலும் அவைச் சூழ்ச்சிகளை அறிவதிலும் காட்டிய திறமையால் படிப்படியாக உயர்ந்தவர் என்றும் அவர் எழுதுகிறார். நறுமணக் கடையைவிட வரிக்கணக்கு உண்மைக்கு அருகில் இருக்கக்கூடும்.

அப்துல்லாஹ் இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு யூதரைத் தம் முன்னோர் ஏன் தலைமைப் பதவியில் அமர்த்தினர் என்பதற்கு அவர் தரும் விளக்கம் அது. சிரித் குலத்தார் சன்ஹாஜா பெர்பர் இனத்தவர், நாட்டுக்குப் புதியவர். உள்ளூர் அந்தலூசிய அரபியரை அவர்கள் நம்பவில்லை. அவர்கள் நாளை தங்கள் இனத்தாருக்காகச் சதி செய்யலாம். தம் சொந்தப் பெர்பர் உறவினரையோ இன்னும் குறைவாகவே நம்பினர். அவர்களுள் ஒவ்வொருவனும் அரியணைக்கு உரியவன். யூதரோ காக்கப்படும் குடிமக்கள் என்னும் நிலையில் இருப்பவர், தலைவரி செலுத்துபவர், சட்டப்படி முசுலிம்கள்மீது அதிகாரம் செலுத்தத் தகுதியற்றவர். அவர் எவ்வளவு உயர்ந்தாலும் மன்னராக முடியாது. ஆகவே அவரால் அச்சமில்லை. சாமுவேலின் வலிமைக்கு அடிப்படையாக அமைந்தது அவருடைய வலிமையின்மையே. அவர் உயர்ந்ததற்கான காரணமும், அவர் குடும்பம் வீழ்ந்ததற்கான காரணமும் ஒன்றுதான்.

கிரனடா அப்போது வளர்ந்துவந்த புதுநகர். எல்விரா என்னும் பழைய நகரத்து மக்கள் குன்றுப்பகுதிக்குக் குடிபெயர்ந்து உருவாக்கியது. அங்கே யூதர் தொகை மிகுதி. அரபு எழுத்தாளர் சிலர் அதனை யூதரின் கிரனடா என்றே குறித்தனர். மன்னர் ஹப்பூஸ் சாமுவேலைத் தம் அமைச்சராக்கினார். 1027ஆம் ஆண்டளவில் அந்தலூசிய யூதர் அவருக்குத் தலைவர் என்னும் பொருள்படும் நாகித் பட்டத்தை வழங்கினர்.

1038இல் ஹப்பூஸ் இறந்தார். மக்கள் பாதிஸ், புலுக்கீன் இருவருக்கிடையே அரியணைப் போட்டி எழுந்தது. பெர்பர் தலைவர் பலரும், கிரனடாவின் யூதப் பெருமக்கள் சிலரும் புலுக்கீன் பக்கம் நின்றனர். சாமுவேல் பாதிஸ் பக்கம் நின்றார். பாதிஸ் வென்றார். அன்றுமுதல் தம் இறுதிவரை கிரனடாவின் அரசியலை நடத்தியவர் சாமுவேலே எனலாம். அரசின் சார்பில் அவர் எழுதிய மடல்கள் இறைவனைப் போற்றி, நபிகளை வாழ்த்தி, ஒரு முசுலிம் செயலாளர் எழுதுவதைப் போலவே அமைந்திருந்தன என்று வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான் குறிப்பிடுகிறார். சாமுவேலின் சமயத்தைச் சபித்துக்கொண்டே அவருடைய பொறுமையையும் கல்வியையும் நயத்தக்க நாகரிகத்தையும் பாராட்டும் அந்தப் பகுதி, பகைவரிடமிருந்து கிடைத்த நற்சான்று.

அதே 1038ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில் அல்மேரியாவின் அரசர் ஸுஹைர் கிரனடாமீது படையெடுத்து வந்தார். அவருடைய அமைச்சர் இப்னு அப்பாஸ் அரபு உரைநடையில் வல்லவர், மாபெரும் நூலகம் ஒன்றின் உரிமையாளர், செருக்கு மிகுந்தவர். கிரனடா தன் யூத அமைச்சரை நீக்கவேண்டும் என்று வெளிப்படையாக வற்புறுத்தி வந்தவர் அவர். மலைப்பாதையில் நடந்த அல்ஃபுவெந்தே போரில் ஸுஹைர் மடிந்தார். இப்னு அப்பாஸ் சிறைப்பட்டார். அவரைப் பிற்பாடு பாதிஸ் தம் கையாலேயே ஈட்டியால் குத்திக் கொன்றார். அடுத்த ஆண்டு செவில்லியின் படையும் தோற்று, அதன் இளவரசர் இஸ்மாயில் போரில் இறந்தார்.

அல்ஃபுவெந்தே வெற்றியைச் சாமுவேல் 149 அடிகள் கொண்ட நெடும்பாடலாகப் பாடினார். எபிரேய இலக்கியத்தில் அது ஒரு திருப்பம். விவிலிய காலத்திற்குப் பிறகு தாமே களத்திலிருந்து போரைப் பாடிய எபிரேயக் கவிஞர் அவருக்கு முன் இல்லை. வாள் ஒளியையும் குதிரைக் குளம்பொலியையும் தூசியையும் பிணக்குவியலையும் பாட அரபுக் கவிதை அவருக்கு வழிகாட்டியது. சொற்களை விவிலியம் தந்தது. பாடலில் இப்னு அப்பாசின் முடிவைப் பற்றி அவர் காட்டும் மகிழ்ச்சி இன்றைய வாசகருக்கு நெருடலாக இருக்கலாம். நம் பரணிகளைப் படித்துப் பழகியவர்க்கு அது புதிதாக இராது. இப்பாடலின் படிகளை எகிப்து, கைரவான், பாபிலோன், எருசலேம் ஆகிய இடங்களின் யூதர்க்கு அனுப்பி, பூரிம் திருநாளைப் போல இந்த வெற்றிநாளையும் ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஓர் இசுலாமிய அரசு இன்னோர் இசுலாமிய அரசை வென்ற போரை யூதர் அனைவரின் மீட்பாக அவர் கண்டார். இதில் தற்பெருமை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இப்னு அப்பாஸ் வென்றிருந்தால் கிரனடா யூதரின் கதி என்னவாகியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் படைத்தலைவராகவே சென்றாரா, படையுடன் சென்ற அமைச்சரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரபு வரலாறுகள் அவரைப் படைத்தலைவராகக் காட்டவில்லை. அவர் கவிதைகளே நமக்குள்ள சான்று. 1038 தொடங்கி ஏறத்தாழ ஒவ்வோராண்டும் அவர் படைமுகாமில் இருந்தார் என்பதை அவை உறுதியாகக் காட்டுகின்றன.

போர்ப்பாடல்களைவிட, போருக்கு இடைப்பட்ட பொழுதுகளில் பிறந்த பாடல்களே அவருடைய சிறந்த ஆக்கங்கள் என்று கருதுவோர் உண்டு, அக்கருத்தே பொருத்தமானது. முன்னொரு காலத்தில் போரால் அழிந்த கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே படை இரவு தங்குகிறது. வீரர்கள் உறங்குகின்றனர். அமைச்சர் மட்டும் விழித்திருந்து, இதனைக் கட்டியவர் எங்கே, இடித்தவர் எங்கே என்று எண்ணுகிறார். தம்மைச் சுற்றி உறங்கும் பெருங்கூட்டமும் மண்ணுக்கடியில் கிடப்பவரும் ஒன்றாகவே அவருக்குத் தோன்றுகின்றனர். இன்னொன்றில் இறைச்சிக் கடைகள் நிறைந்த சந்தை வழியே செல்கிறார். அறுபடக் காத்திருக்கும் விலங்குகளின் கண்முன்னேயே அவற்றின் இனம் அறுபடுவதைக் காண்கிறார். மனிதரின் நிலையும் இதுதானே என்னும் கேள்வி அங்கே எழுகிறது. ஆணையிட்டுப் பழகிய ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்பது கவிதைக்குக் கூடுதல் கனத்தைத் தருகிறது. மதுப்பாடல்களும் விருந்துப் பாடல்களும் அவரிடம் ஏராளம். அவற்றில் அரபு மரபின் அச்சு தெரிகிறது, விரைந்து கடந்துவிடலாம்.

1041இல் அவர் அண்ணன் ஈசாக்கு இறந்தார். அவரைத் தந்தை போல் கருதியிருந்த சாமுவேல் பத்தொன்பது கையறுநிலைப் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். நோயுற்ற செய்தி, மருத்துவரை வேண்டுதல், மரணம், அடக்கம், மறுபடி கல்லறைக்குச் சென்று இறந்தவருடன் பேசி மறுமொழி கிடைக்காமல் திரும்புதல், நாளடைவில் துயரம் மெல்லத் தணிதல் என்று அத்தொடர் ஓராண்டின் துக்கத்தைக் காலவரிசையில் பதிவு செய்கிறது. தணிகிறதே என்னும் குற்றவுணர்வும் அதில் இருக்கிறது. அரபுக் கவிதையில் இரங்கற்பா ஏராளம் உண்டு. ஒரே மரணத்தை இவ்வாறு நாள்நாளாகத் தொடர்ந்து சென்ற எபிரேயப் படைப்பு அதற்கு முன் இல்லை. அணிகளைக் குறைத்து எளிய சொற்களால் எழுதப்பட்ட இப்பாடல்களில் அமைச்சரைக் காணோம். தம்பியை மட்டும் காண்கிறோம்.

தம் கவிதைகளை அவர் மூன்று தொகுதிகளாக்கினார். சங்கீதங்களின் மகன், நீதிமொழிகளின் மகன், பிரசங்கியின் மகன் என்று பெயரிட்டார். விவிலியத்தின் மூன்று நூல்களுக்குத் தம் நூல்களை வழித்தோன்றல்களாகச் சொல்லிக்கொண்டதிலிருந்தே தம்மைத் தாவீதின் மரபில் வைத்து அவர் எண்ணினார் என்பது விளங்கும். அடக்கம் அவருடைய குணங்களுள் ஒன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. ஈகை இருந்தது. மிஷ்னாவையும் தல்மூதையும் படியெடுக்க எழுத்தர்களை அமர்த்தி, விலைகொடுத்து வாங்க இயலாத மாணவர்க்கு வழங்கினார். எருசலேம் தொழுகைக் கூடங்களின் விளக்குகளுக்கு எண்ணெய் அனுப்பிவந்தார். சமயச் சட்ட நூலொன்றும் எழுதினார். சரகோசாவிலிருந்த பெரும் இலக்கண அறிஞர் யோனா இப்னு ஜனாஹோடு வினைச்சொல் வேர்கள் குறித்து நெடிய வழக்காடினார். இளங்கவிஞர் சாலமன் இப்னு கபிரோலை ஆதரித்தார். கபிரோல் அவரைப் புகழ்ந்தும் பாடினார். ஒரு கட்டத்தில் அவர் கவிதையின் குளிர்ச்சியை எள்ளி நகையாடவும் செய்தார். புரவலரைக் குறை சொல்லும் துணிவும், அதைப் பொறுக்கவேண்டிய நிலையும் அந்த அவையில் இருந்தன.

அவரைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் கதையொன்று உண்டு. ஒருவன் மன்னர் காதுபடச் சாமுவேலை வைதான். அவன் நாவை அறுக்கும்படி மன்னர் அமைச்சருக்கே ஆணையிட்டார். அமைச்சர் அவனுக்குப் பரிசளித்து அன்பு காட்டினார். மறுமுறை அவன் வாழ்த்தியதைக் கேட்டு மன்னர் வினவ, தீய நாவை எடுத்துவிட்டு நல்ல நாவை வைத்திருப்பதாகச் சாமுவேல் விளக்கினார் என்பர். நடந்ததோ இல்லையோ, ஒரு நாவின் பகைமீது தம் உயிர் தொங்குகிறது என்பதை அறிந்த மனிதரின் கதை அது.

சாமுவேல் 1056இல் மறைந்தார். மகன் யெஹோசெஃப் அப்பதவிக்கு வந்தபோது இருபத்தொரு வயது இளைஞர். கல்வியில் தந்தைக்குக் குறைந்தவரல்லர். கைரவானின் பேரறிஞர் நிசீமின் மகளை மணந்தவர். பணிவிலும் எச்சரிக்கையிலும் தந்தையின் வழியை அவர் பின்பற்றவில்லை என்று யூத நூலாசிரியர்களே எழுதியுள்ளனர். செல்வத்தில் பிறந்தவர்க்கு நறுமணக் கடையின் நினைவு இராது. 1064இல் பாதிசின் மகன் இறந்தபோது, நஞ்சிட்டவர் யெஹோசெஃப் என்னும் பேச்சு பரவியது. எல்விராவைச் சேர்ந்த அபூ இஸ்ஹாக் என்னும் சட்ட அறிஞர், அவையில் இடமிழந்தவர், சன்ஹாஜா வீரரை விளித்து ஒரு பாடல் எழுதினார். யூதரைத் தலைமேல் ஏற்றிவைத்த மன்னரைக் கண்டித்து, அமைச்சரைக் கொல்வது குற்றமாகாது என்று தூண்டிய அப்பாடல் எளிய அரபில், பலரும் மனனம் செய்யத்தக்க வகையில் அமைந்திருந்தது. கிரனடாவை அல்மேரியாவுக்குக் காட்டிக்கொடுக்க யெஹோசெஃப் முயல்கிறார் என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. 1066 டிசம்பர் 30ஆம் நாள் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தது. கரி வைக்கும் அறையில் முகத்தில் கரி பூசி ஒளிந்திருந்த அமைச்சரைக் கண்டுபிடித்துக் கொன்று நகர வாயிலில் அறைந்தனர். தொடர்ந்து நகரின் யூதர் மிகப் பலர் கொல்லப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. எண்ணிக்கையை ஒவ்வொரு நூலும் ஒவ்வொருவாறு சொல்கிறது. கொலைக்கு அரசியல் காரணங்கள் பல இருந்தன என்று கூறி அப்பாடலின் பங்கைக் குறைத்து மதிப்பிடும் ஆய்வாளர் உண்டு. ஆனால் நகரத்தார் நாவில் அப்பாடல் இருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. யெஹோசெஃபின் மனைவி தம் மகனோடு லூசேனா நகருக்குத் தப்பினார்.

சாமுவேலின் கவிதைகள் பல நூற்றாண்டுகள் மறைந்துகிடந்தன. சிதறலாகச் சில பாடல்களே கற்றவர்க்குத் தெரிந்திருந்தன. பம்பாயில் பிறந்த டேவிட் சாலமன் சாசூன் என்னும் சுவடி சேகரிப்பாளர் தம்மிடம் வந்துசேர்ந்த கையெழுத்துப் படியொன்றைப் பதிப்பித்து 1934இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்டபோதுதான், 1500க்கும் மேற்பட்ட பாடல்களோடு முழுக் கவிஞர் உலகுக்குத் தெரிந்தார். அப்படியின் மூலத்தை முதன்முதலில் எழுதியவர் யெஹோசெஃப்தான். எட்டரை வயதில் தந்தையின் பாடல்களைப் படியெடுக்கத் தொடங்கியதாக அவரே முன்னுரையில் சொல்கிறார். போர்முகாமிலிருந்து தந்தை அனுப்பிய பாடல்கள் கைக்கு வந்தபடியே அவற்றை எழுதிவைத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்தச் சூழலில், எதன்பொருட்டு எழுதப்பட்டது என்று அரபு மொழியில் சிறு குறிப்பும் சேர்த்திருக்கிறார். மற்றொரு தொகுதியை அவர் தம்பி எலியாசாஃப் சிறுவயதிலேயே படியெடுத்தார். போர்களின் ஆண்டுகளையும், பெரியப்பாவின் மறைவையும், கோட்டை இடிபாட்டில் கழிந்த இரவையும் இன்று வரிசைப்படுத்திச் சொல்ல முடிகிறதென்றால், அது அந்தச் சிறுவன் எழுதிய தலைப்புக் குறிப்புகளால்தான்.